ஒரு கோடும் மூன்று புள்ளியும்

பினாங்கில் சப்பான்காரன் கொடி ஏறி ஒன்பது மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மூக்குக்கண்ணாடிக் கடை ஹெஸ்கேல் ஐயா வண்ணாந்துறை உண்ணாமலையின் இஸ்திரி மேசைமேல் மடிந்துபோனார். விரிப்பு மடிவது போல முதலில் நீளவாட்டில் இரண்டாக, பிறகு குறுக்கே இரண்டாக, பிறகு கடைசியாக இன்னொரு முறை இரண்டாக. மடித்தது உண்ணாமலைதான். ஆனால் அவளைக் கேட்டால் நான் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை, மேசைக்கு வந்ததைக் கை மடித்துவிட்டது என்பாள். இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி பிடிக்கிற கைக்கு, மேசைமேல் கிடப்பது சட்டையா மனுசனா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது?

அவர் ஏன் அங்கே ஓடிவந்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அவர் யூதர், தாத்தா காலத்தில் பாக்தாத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். சண்டை தீவுக்கு வரும் முன்பே மனைவி மோஸெலும் நாலு வயது மகள் ஹபீபாவும் பம்பாய்க் கப்பலில் போய்விட்டார்கள். அந்தக் கப்பலில் பெண்டுபிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று துறைமுகத்தில் நின்று கையாட்டிய மனுசனுக்கு அடுத்த கப்பல் வரவேயில்லை, சப்பான்காரன்தான் வந்தான். வந்தவன் யூதர்கள் எல்லாரும் பெயர் கொடுக்க வேண்டும் என்றான், பிறகு அந்தப் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக லாரி அனுப்பினான். லாரியில் ஏறியவர்களைப் பற்றி ஒரு சேதியும் திரும்பி வரவில்லை. மலையடிவாரத்தில் ஹெஸ்கேல் ஐயா வீட்டு வாசலில் லாரி நின்றபோது அவர் பின்கதவால் இறங்கி ஓடினார். பத்து வருஷமாகத் தன் அழுக்குத் துணி போய்ச்சேருகிற இடம் ஒன்றுதான் அவருக்குப் பின்பக்கமாகப் போக வழி தெரிந்த இடம்.

மூச்சிரைக்க வந்தவர் மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு, "அம்மா, லாரி" என்று மட்டும் சொன்னார். உண்ணாமலை பக்கத்தில் கிடந்த விரிப்பை எடுத்து அவர்மேல் போர்த்தினாள். போர்த்தினால் விரிப்பு மேடும் பள்ளமுமாக எழும்பி நின்றது. எழும்பி நிற்கிற துணியைக் கண்டால் அவளுக்கு ஆகாது, உடனே பெட்டியை எடுத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தொந்தி அமுங்கியது, தோள் அமுங்கியது, முழங்கை மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது, தண்ணீர் தெளித்து இன்னொரு இழுப்பு இழுத்தாள், அதுவும் வழிக்கு வந்தது. போர்த்திய விரிப்பும் போர்த்தப்பட்டவரும் ஒரே துணியாகிவிட, மடித்து, வெளுக்க வந்திருந்த சப்பான் அதிகாரிகளின் சட்டை அடுக்குக்கு நடுவே வைத்தாள். வந்த சிப்பாய்கள் மற்ற மூட்டைகளை எல்லாம் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்த்தார்கள், அதிகாரிகளின் அடுக்கை மட்டும் தொடவில்லை. அதில் ஒரு ஓட்டை விழுந்தால் குத்தியவன் முதுகில் தோல் மிஞ்சாது என்று அவர்களுக்கும் தெரியும்.

மேசைமேல் மிஞ்சிக் கிடந்தது அவருடைய கண்ணாடி ஒன்றுதான். அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் உண்ணாமலை தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டாள். சிப்பாய்கள் போகும்வரை அப்படியே நின்றவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் புருசன் சடையன் முகத்தைத் தெளிவாகப் பார்த்தாள். "ஏங்க, நீங்க இத்தன நாளா இப்படியேதான் இருந்தீங்களா?" என்று கேட்டதற்குச் சடையன் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

லாரிச் சத்தம் தேய்ந்ததும் அவள் அந்தத் துணியை எடுத்து ஒரு உதறு உதறினாள். ஹெஸ்கேல் ஐயா மேசைமேல் எழுந்து உட்கார்ந்து இரண்டு தும்மல் போட்டார்.

"சூடு பட்டுச்சாங்கய்யா?"

"இல்லம்மா. அடிவயித்துல கொஞ்சம் கதகதப்பு, அவ்வளவுதான். கழுத்து மடிப்பு மட்டும் இறுக்கமா இருந்துச்சு."

"அடுத்த தடவ தளத்தி மடிக்கிறேன்" என்றாள் உண்ணாமலை.

இந்தச் சேதியைக் காதும் காதும் வைத்தாற்போல வைத்திருக்க வேண்டும் என்று துறையில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போனார்கள், அதனால் மத்தியானத்துக்குள் நாற்பது குடும்பத்துக்கும் தெரிந்துபோயிற்று. மனுசன் எப்படி மடிவான் என்று யாரும் கேட்கவில்லை, எந்த வகைத் துணி என்றுதான் கேட்டார்கள். பருத்தி என்றால் வெள்ளாவி தாங்கும், பட்டு என்றால் பூந்திக்கொட்டை நுரைதான் ஆகும், கம்பளி என்றால் வெந்நீர் காட்டினால் சுருங்கிக் குழந்தையாகிவிடுவார், அப்புறம் அந்தம்மா பம்பாயிலிருந்து வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? பக்கத்து வீட்டுக் காத்தாயி, துறையிலேயே நீளமான நாக்கும் நல்ல விரலும் உள்ளவள், மடித்து வைத்திருந்த அவரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல பாப்ளின். பழசு, ஆனா நூல் கெட்டி" என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்கப்புறம் அதில் மறுபேச்சு இல்லை.

அன்றிலிருந்து ஆற்றின் மேல்முனைக் கல்லில் துவைப்பவர்கள் லாரி வருவதைக் கண்டால் இரண்டு அடி அடித்து ஒரு அடி விடுவார்கள், அந்தத் தாளம் கல்லுக்குக் கல் தாவி உண்ணாமலை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஹெஸ்கேல் ஐயா கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்துவிடுவார். லாரி போனதும் உதறி எடுப்பாள். அவள் கை மடித்ததை அவள் கைதான் பிரிக்க முடிந்தது. ஒரு நாள் அவள் ஆற்றுக்குப் போயிருந்தபோது சடையன் எடுத்து உதறிப் பார்த்தான், காத்தாயி உதறிப் பார்த்தாள், கைமாற்றிக் கைமாற்றி ஏழு பேர் உதறினார்கள், விரிப்பு விரிப்பாகவே தொங்கியது. உண்ணாமலை வந்து ஒரு சுண்டு சுண்டியதும் மனுசன் தலைசுற்றலோடு இறங்கினார்.

அவருக்கும் சில நியாயங்கள் இருந்தன. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை தன்னை நனைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, அது எங்கள் ஓய்வு நாள் என்றார். "வாரத்துல ஒரு நாள் லீவு கேக்குற துணிய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் காத்தாயி. லாரிக்காரன் சனிக்கிழமையே வந்தால் என்ன செய்ய என்று உண்ணாமலை கவலைப்பட்டாள். அவர் யோசித்து, உயிர் போகிற காரியமானால் மடிக்கலாம், அதற்கு எங்கள் சாமியே இடம் கொடுத்திருக்கிறார், ஆனால் கஞ்சி மட்டும் போடாதீர்கள், கஞ்சி அழகுக்குப் போடுவது என்றார். கம்பளிக்கும் லினனுக்கும் நடுவிலும் வைக்கக் கூடாதாம், அந்த இரண்டையும் சேர்த்து உடுத்த அவர்கள் வேதத்தில் தடை. "நியாயமாப் பாத்தா நான் அப்ப உடுத்துறவன் இல்ல, துணி. துணிக்குத் தடை கிடையாதுதான்" என்று அவரே இரண்டு நாள் தனக்குள் வாதாடிவிட்டு, "இருந்தாலும் மனசு கேக்கலம்மா" என்றார். அதனால் கேப்டன்களின் கம்பளிக் கோட்டு ஒரு பக்கம், வெள்ளை லினன் ஒரு பக்கம், இவர் தனியாகப் பருத்திகளோடு. துறையில் சாதிசனத்துக்குப் பந்தி பிரித்த காலம் உண்டு, துணிக்குப் பந்தி பிரித்தது அப்போதுதான்.

அரிசி கண்ணில் படாத காலம் அது. மரவள்ளிக் கிழங்கு மாவுதான் சோறு, அதுதான் குழந்தைக்குப் பால், அதுதான் சட்டைக்குக் கஞ்சி. அந்தக் கஞ்சியிலும் ஒரு கரண்டி ஐயாவுக்கு என்று வீட்டுக்கு வீடு ஒதுக்கினார்கள், ஆளாக இருக்கிற நேரத்தில் குடிக்க. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறான் என்று தெரிந்ததும் துறை ஆண்கள் எல்லாரும் உண்ணாமலை வீட்டு முன்னால் வரிசையில் நின்றார்கள், எங்களையும் மடித்து வை என்று. ஒருத்தனும் மடியவில்லை. பெட்டி பட்டதும் ஒருவன் கூச்சத்தில் சிரித்தான், ஒருவன் அலறினான், தொப்பளான் என்கிறவன் மட்டும் இடுப்புவரை மடிந்து அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுவிட்டான். அவனையும் இன்னும் மூன்று பேரையும் லாரி அள்ளிக்கொண்டு போனது. உண்ணாமலை அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஒருத்தரையாவது பம்பாய்க் கப்பல் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று அன்றைக்குத் தன் குலசாமிமேல் ஆணையிட்டுக்கொண்டாள்.

இனித்தான் வினை. வண்ணார் வீட்டில் குறி இல்லாத உருப்படி என்று ஒன்று கிடையாது. குறி இல்லாவிட்டால் துணி தொலையும், துணி தொலைந்தால் மானம் தொலையும். "ஐயாவுக்கும் ஒரு குறி போட்டுடு" என்று சடையன் நச்சரித்ததால், உண்ணாமலை சேராங்கொட்டை மையைத் தொட்டு அவர் குதிகாலில் பத்து வருஷமாக அவர் துணிகளுக்குப் போடுகிற அதே குறியைப் போட்டாள். ஒரு கோடு, மூன்று புள்ளி. மடித்தால் அது விரிப்பின் மூலையில் பளிச்சென்று தெரியும். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. வெளியார் யாராவது இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள், ஆனால் வண்ணாருக்கு எப்படித் தோன்றும்? குறி ஆளுக்கு உரியதல்ல, வீட்டுக்கு உரியது. குடியிருப்பவன் மாறுவான், வீடு மாறாது, குறியும் மாறாது. ஹெஸ்கேல் ஐயா வீட்டை எடுத்துக்கொண்டு இப்போது அங்கே குடியிருந்தவன் கேப்டன் இவாகி. அவன் துணிகளுக்கும் துறையில் அதே ஒரு கோடு, மூன்று புள்ளிதான்.

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற உண்ணாமலை கோயிலுக்குப் போன நாளில் லாரி வந்துவிட்டுப் போனது. கிளம்புகிற நேரத்தில் தாளம் கேட்டு அவரை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள், வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று. திரும்பி வந்தால் அடுக்கு காலி. சடையன் கைகழுவிக்கொண்டு நின்றான்.

"எல்லாம் போட்டாச்சு. உனக்கு அலைச்சல் வேணாமேன்னு நானே வீடு வீடாக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஐயா எங்கங்க?"

"அங்கதான் இருந்தாரு..." என்று ஆரம்பித்தவன் காலி அடுக்கைத் திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷத்தில் ஒரு உருப்படிகூட வீடு மாறிப் போனதில்லை என்பது அவன் பெருமை. அன்றைக்கும் மாறவில்லை. குறியைப் பார்த்தான், குறி சொன்ன வீட்டில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

உண்ணாமலை புருசனை வாய்க்கு வந்தபடி ஏசினாள், ஏசி முடிக்கும் முன்பே குறி போட்டது தன் கைதான் என்று ஞாபகம் வந்து தன்னையும் ஏசிக்கொண்டாள். நல்ல விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மலையடிவார மேட்டில் இருந்த ஐயா வீட்டுக்கு ஓடினாள். கேப்டன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். ஒடிசலான ஆள், கண்ணுக்குக் கீழே கருவளையம். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது சந்தையில் பேசுகிற மலாய் ஒன்றுதான்.

"ஐயா, விரிப்பு ஒண்ணு தப்பா வந்துடுச்சு. அது இந்த வீட்டுது இல்ல. இதுதான் உங்களுது."

"குறி இருக்கிறது. என்னுடையது" என்றான் கேப்டன். "கட்டிலில் போட்டாகிவிட்டது. போ."

மறுநாள் போனாள், அன்றைக்கும் போ என்றான். திங்கட்கிழமை அழுக்கெடுக்கப் போனபோது வீட்டுத் துணி அத்தனையும் போட்டான், அந்த விரிப்பை மட்டும் போடவில்லை. "இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம். இந்த விரிப்பு வந்த பிறகுதான் தூங்குகிறேன்" என்று சொன்னான். சன்னல் வழியே உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். தன் வீட்டில், தன் கட்டிலில், தன் மனைவியோடு படுத்த இடத்தில் ஹெஸ்கேல் ஐயா விரிந்து கிடந்தார், அவர்மேல் தூங்கி எழுந்த மனுசனின் உடம்புத் தடம் அப்படியே பதிந்திருந்தது. துணியாக இருக்கும்போதும் அவருக்கு எல்லாம் காதில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். மேட்டிலிருந்து இறங்கும் வழியெல்லாம் அழுதாள்.

துறை கூடிப் பேசியது. ஒருவர் வீட்டுக்குத் தீ வைக்கலாம் என்றார், துணியும் சேர்ந்து எரியும் என்று மற்றவர்கள் அடக்கினார்கள். ஒன்றரை நாளுக்கு மேல் அவரை மடித்து வைத்ததில்லை, இப்போது நாள் போகப் போக விரிப்பு விரிப்பாகவே பழகிவிட்டால் உண்ணாமலை கைக்கும் அடங்காமல் போகுமே என்றுதான் எல்லாருக்கும் பயம். காத்தாயிதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "உலகத்துல எவனும் துணிய வண்ணாத்திக்கிட்டக் குடுக்குறது ஒரே காரணத்துக்குத்தான். அழுக்கு. போய் அழுக்குன்னு சொல்லு."

பதினோராம் நாள் உண்ணாமலை கேப்டன் முன்னால் போய் நின்று, தொலைவிலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, துவைக்காத விரிப்புல சொறி வரும். போன மாசம் ஒரு மேஜருக்கு வந்து, தொடையெல்லாம் வெந்து போச்சு" என்றாள். மேஜரும் இல்லை, தொடையும் இல்லை. ஆனால் ஊரெல்லாம் சொறி பிடித்திருந்த காலம், கேப்டன் தன்னையறியாமல் முழங்கையைச் சொறிந்துகொண்டான். உள்ளே போய் விரிப்பைச் சுருட்டி எடுத்துவந்து அவள்மேல் எறிந்தான். அவள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"எங்கே? இங்கேயே துவை. என் கண்ணெதிரில். இதையும் மாற்றிவிடுவாய்."

கொல்லையில் குழாயும் கல்லும் இருந்தன. அவன் நாற்காலியை அங்கேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். உண்ணாமலை விரிப்பை நனைத்தாள், சவுக்காரம் காட்டினாள், கல்மேல் வைத்துப் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கையால் அமுக்கி அமுக்கி எடுத்தாள். இத்தனை நாளில் அவரை அவள் நனைத்துப் பிழிந்ததுகூட இரண்டு முறைதான், கல்லில் அடித்ததேயில்லை.

கேப்டன் பார்த்துக்கொண்டே இருந்தான். "நீங்கள் துவைக்கும் சத்தம் பாதை வரைக்கும் கேட்கும்" என்றான். "இதை ஏன் அடிக்கவில்லை?"

"பழைய துணி ஐயா."

"என் சட்டையும் பழையதுதான். பொத்தான் தெறிக்க அடிக்கிறாய்." அவன் எழுந்தான். கல்லருகே வந்து குனிந்தான். "இந்த விரிப்பில் என்ன இருக்கிறது?"

அவன் கை நீளுவதற்குள் உண்ணாமலை விரிப்பை முறுக்கித் தலைக்குமேல் தூக்கினாள். தூக்கி அடித்தாள். ஸ்ஸோ என்று மூச்சு விட்டு அடித்தாள், ஒவ்வொரு அடிக்கும் துறையில் விடுகிற அதே மூச்சு, அதே வீச்சு, தோள் இறங்க, இடுப்பு முறிய, ராணுவக் கூடாரத்துணியை அடிக்கிற அடி. பிள்ளைகுட்டிக்காரன், என்னை நம்பி வந்த மனுசன், என் கையாலேயே சாகிறானே என்று உள்ளே கதறிக்கொண்டு அடித்தாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடித்தாள், அப்பாவு வீட்டு வேட்டியையும் செட்டியார் வீட்டுத் திரைச்சீலையையும் எப்படி அடிப்பாளோ அப்படியே அடித்தாள். பன்னிரண்டு அடி. ஒரு அடிக்குக்கூட அந்தத் துணி முனகவில்லை. ஒன்பதாவது அடியிலிருந்து கல்லில் ஓடிய தண்ணீர் சிவந்தது.

"அது என்ன?"

"சாயம் ஐயா. வேற துணியோட சாயம் ஒட்டியிருக்கு, இப்ப விடுது. இது இங்க போகாது. வெள்ளாவி வைக்கணும்."

கேப்டன் சிவந்த தண்ணீர் தன் செருப்பில் படாமல் பின்னால் நகர்ந்தான். வெள்ளை விரிப்பில் திட்டுத் திட்டாகக் கறை பரவியதைப் பார்த்து முகம் சுளித்தான். "எடுத்துப் போ. எனக்கு வேண்டாம். வேறு நல்லதாகக் கொண்டு வா" என்றான்.

அவள் ஈர மூட்டையைத் தலையில் வைக்கவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, மேசைமேல் விரித்து, ஒரு உதறு உதறினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு உதறு. மூன்றாவது உதறில் ஹெஸ்கேல் ஐயா தரையில் விழுந்தார். மூக்கெலும்பு உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, முதுகு முழுக்கக் கன்றிப்போயிருந்தது, பல் ஒன்று கையோடு வந்தது. உண்ணாமலை இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டாள். இந்தக் கை விளங்காமல் போக, இந்தக் கையில் புழு வைக்க என்று சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்லாத்தான் அடிச்சீங்க" என்றார். "முதல்ல தடவிக் குடுத்தீங்க பாருங்க, அப்பத்தான் நான் செத்தேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவரை எத்தனை தடவை மடித்தாள், எத்தனை தடவை பிரித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. இன்னும் இரண்டரை வருஷம் அவர் அந்தத் துறையிலேயே இருந்தார், குதிகாலில் இருந்த குறியை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றும் போடாமல். சப்பான்காரன் கொடி இறங்கி எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் பம்பாய்க் கப்பல் வந்தது. துறை மொத்தமும் கரையில் திரண்டு நின்றது, அவரவர் வீட்டுக்கு வெளுக்க வந்த நல்ல துணிகளை எல்லாம் அன்றைக்கு ஒரு நாள் இரவல் உடுத்திக்கொண்டு. மோஸெல் அம்மா இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணாகிவிட்ட ஹபீபா அப்பாவின் கோணல் மூக்கைத் தொட்டுப் பார்த்து, அவர்கள் பாஷையில் கோபமாக ஏதோ கேட்டாள். என்ன கேட்டிருப்பாள் என்று உண்ணாமலைக்குச் சொல்லாமலே விளங்கிற்று, காத்தாயி முதுகுக்குப் பின்னால் போய் ஒளியப் பார்த்தாள். ஹெஸ்கேல் ஐயா விடவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நேரே உண்ணாமலை முன்னால் வந்து, பிள்ளைக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது என்று தெரிந்தும், துறைக்கே கேட்கிற மாதிரித் தமிழிலேயே பதில் சொன்னார்.

"இவங்கதான் அடிச்சாங்க. உங்க அத்தை."